நூறு வரை எண்ணினால் சத்தம் வரும்! ஏரிக்கரை ஆர்.சி. பள்ளி டீச்சரின் ஒரு வாரம்

திங்கள்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் பொன்னேரியில் நின்றதும் இறங்கி ஓடும் கூட்டத்தில் சிலரை டீச்சர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் ஞாயிற்றுக்கிழமையும் திருத்தி முடியாத நோட்டுக் கட்டு. பழவேற்காடு பஸ் கிளம்பிவிட்டால் ஷேர் ஆட்டோதான். இன்னும் இருபது கிலோமீட்டர் பக்கம் போக வேண்டும்.

அந்தச் சாலையின் முடிவில் இருப்பது ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரையெங்கும் மீனவக் குப்பங்கள். ஊருக்குள் போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கிய மகிமை மாதா கோயில். சுற்றுலா வருபவர்கள் டச்சுக் கல்லறையையும் பூநாரையையும் படம் எடுத்துக்கொண்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு மாலையே திரும்பிவிடுவார்கள். இந்தக் கரையில் பாடம் எடுக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள், இதே சாலை.

கத்தோலிக்கப் பள்ளி டீச்சர் என்றால் பலர் மனதில் ஒரு படம் உண்டு. மணி அடித்தால் நிசப்தம், வெள்ளை உடையில் சிஸ்டர், நேராக நிற்கும் வரிசை. அந்த ஒழுங்கைத் தினமும் தூக்கி நிறுத்துகிறவர்களின் வாரம் எப்படிப் போகிறது என்பது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

வருகைப் பதிவில் தெரியாத கணக்கு

முதல் வேலை வருகைப் பதிவு. நோட்டில் ஒரு முறை, செல்போனில் எமிஸ் செயலியில் இன்னொரு முறை. சிக்னல் வரும் ஜன்னல் எது என்று எல்லா டீச்சருக்கும் தெரியும். 'இல்லை' என்று குறிக்க ஒரே ஒரு தொடுதல் போதும். ஏன் இல்லை என்பதைக் குறிக்கத்தான் அங்கே இடம் கிடையாது.

ஏரிக்கரையில் அந்த 'ஏன்' சுவாரஸ்யமானது. இங்கே 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழக்கம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், பெயரிலேயே மாதாவை வைத்திருக்கும் நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பாடு முறையை மீன்வள ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். வலிமையானவர் எல்லா இறாலையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க மீனவர்களே உருவாக்கிய நிர்வாகம் அது.

பாடு முறை வரும் இரவில் வீடு தூங்காது. வலைக்கு ஆள் வேண்டும். விடிந்ததும் ஏலத்துக்கு ஓட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை முதல் பீரியடில் தூங்கி விழுவதற்கும் சோம்பலுக்கும் சம்பந்தமே இல்லை.

பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. அதே வகுப்பில், அதே பெஞ்சில், அந்த உரிமை இல்லாத வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்த அம்மா வீடு திரும்பும்வரை தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளையின் பொறுப்பு. அன்றும் வருகைப் பதிவில் 'இல்லை'தான்.

முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கடல் தண்ணீர் ஏரிக்குள் வருவது குறையும். அதோடு வரவேண்டிய மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வராது. படகும் வெளியே போக முடியாது. அப்படிப்பட்ட மாதங்களில் நோட்டு வாங்கித் தராத அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுவதில் பயனில்லை என்பது இங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்த எந்த டீச்சருக்கும் புரியும். புரிந்தாலும் மேலே இருந்து வரும் கேள்வி மாறப்போவதில்லை. 'உங்கள் வகுப்பில் வருகை ஏன் குறைவு?'

வாரம் முழுக்க ஓடும் கவலை

வருகை மட்டுமா? எண்ணும் எழுத்தும் பயிற்சிக்கான துணைக்கருவிகள், செயலியில் பதிவேற்ற வேண்டிய மதிப்பீடுகள், பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா, பங்குத் திருவிழா. கத்தோலிக்க ஆசிரியர் என்றால் ஞாயிறு பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பும் பல ஊர்களில் அவர் தலையில்தான் விழும். 'டீச்சர்தானே, உங்களுக்குத் தெரியாததா' என்ற ஒரு வரியில் ஞாயிறும் போய்விடும்.

இத்தோடு ஒரு பெரிய கவலையும் சேர்ந்திருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களில், ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுகளுக்குள் டெட் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை அதே தீர்ப்பு பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. கிறிஸ்தவப் பள்ளிகள் இந்தச் சிறுபான்மைப் பட்டியலில் வருபவை. இருபது வருடமாகப் பாடம் எடுத்தவருக்கு 'மறுபடி பரீட்சை எழுத வேண்டுமா, வேண்டாமா' என்று தெரியாமல் காத்திருப்பதே தனிப் பரீட்சை. பிள்ளைகளிடம் 'தேர்வுக்குப் பயப்படக் கூடாது' என்று சொல்லிவிட்டு, ராத்திரி தன் மகளின் பழைய கைடைத் திறந்து உட்காரும் டீச்சர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

வேலையில் வரும் இந்த அடி ஆழச் சோர்வை 'பர்ன்அவுட்' என்கிறார்கள். அதை அளக்க அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று விஷயங்கள் உண்டு. மனசு காலியாகிப்போவது முதலாவது. 'நான் என்னத்தைச் சாதித்தேன்' என்ற எண்ணம் மூன்றாவது. நடுவில் இருப்பதுதான் ஆசிரியர் தொழிலில் அதிகம் பயப்பட வேண்டியது. எதிரே இருக்கும் மனிதர் மனிதராகத் தெரியாமல் போவது. வகுப்பில் இருக்கும் பிள்ளை வெறும் 'பதிவெண் 23' ஆகிவிடுவது.

ஏரிக்கரைப் பள்ளியில் கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களில் நிஜமாகவே வேலை செய்பவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த 23-ஐ மறுபடி ஒரு பெயராக மாற்றுபவைதான்.

டீச்சர் தோற்கும் பீரியட்

பாடப்புத்தகத்தில் நீர்வாழ் உயிரினங்கள் வரும் நாள் இந்தக் கரையில் டீச்சருக்கு ஆபத்தான நாள். கணக்கில் பத்துக்கு இரண்டு எடுக்கும் பையன் அன்று எழுந்து நிற்பான். வெள்ளை இறாலுக்கும் வரி இறாலுக்கும் வித்தியாசம் சொல்வான். பச்சை நண்டை எந்தப் பக்கம் பிடித்தால் கடிக்காது, அமாவாசைக்குத் தண்ணீர் எப்படி ஏறும், வாடைக்காற்று அடித்தால் எந்த மீன் எங்கே ஒதுங்கும் என்று எல்லாம் சொல்வான். மடவை மீனைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பது ஒரு வரி. அவனிடம் இருப்பது ஒரு பீரியட்.

சென்னையில் படித்து வளர்ந்த டீச்சருக்கு இதில் பாதி தெரியாது. அந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தானும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கத் தோன்றினால் அந்த வாரம் பிழைத்தது. 'பேசாமல் உட்கார்' என்று சொல்லத் தோன்றினால் ஓய்வு தேவை என்று அர்த்தம். இதைவிட எளிதான சோதனை எந்த உளவியல் புத்தகத்திலும் கிடைப்பது கஷ்டம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வந்திறங்கும் காலம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பறவை அது. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம். சாப்பிடும் பாசியிலும் சின்னஞ்சிறு உயிர்களிலும் உள்ள நிறமிதான் பிறகு அதை இளஞ்சிவப்பாக்குகிறது. இதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே படிக்கும் பிள்ளைக்கு அது வீட்டுப் பின்பக்கம் நிற்கும் பறவை.

பறவையைக் காட்டிப் பாடம் நடத்துவது என்றால் ராமேஸ்வரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து சொன்னார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் கோபப்படாமல் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போனார். அந்தக் கூட்டத்தில் நின்ற பத்து வயதுப் பையன் அப்துல் கலாம். தன் வாழ்க்கையின் திசை அன்று முடிவானது என்று பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். ஐயர் வேலை பார்த்தது கத்தோலிக்கப் பள்ளி அல்ல. கலாம் கத்தோலிக்க நிறுவனத்துக்கு வந்தது பிறகு, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தபோதுதான். கலாம் வீட்டுக்கும் பிழைப்பு கடலோடுதான், அப்பா படகு வைத்திருந்தவர். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பிய ஐயருக்கு, தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 'இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்தது' என்ற அளவில்தான் அந்த நாள் அவருக்கு முடிந்திருக்கும்.

பொங்கல், மீன் குழம்பு, கலெக்டர்

காலையில் அம்மா மீன் ஏலத்துக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவது மீனவக் கிராமப் பள்ளிகளின் பழைய பிரச்னை. பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைக்காகக் கைப்பையில் பிஸ்கெட் வைத்திருப்பது டீச்சர்களின் பழைய வழக்கம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவானது 2024 ஜூலை 15-ல். அதைத் தொடங்கி வைத்த இடம் பழவேற்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரி. அங்குள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி என்ற கத்தோலிக்கப் பள்ளி. 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் குழந்தைகள் என்று அப்போது அரசு அறிவித்தது.

டீச்சருக்கு இதில் என்ன சந்தோஷம்? முதல் பீரியடில் நாற்பது முகங்களும் விழித்திருக்கும். அது போதாதா? பொங்கல் போடும் நாளில் கொஞ்சம் கண் சொக்கும்தான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மதியம் ஸ்டாஃப் ரூம். ஐந்தாறு டிபன் பாக்ஸ்கள் திறந்தால் ஐந்தாறு ஊர்க் குழம்பு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். மீனுக்குத் தடையில்லை. தினமும் மீன் சாப்பிடும் ஊரில் இதை ஒறுத்தல் என்று சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். இறால் தொக்கை நடுவில் வைத்துக்கொண்டு 'இன்னிக்கு நாம தவத்துல இருக்கோம்' என்று யாராவது சொல்வதும், மற்றவர்கள் சிரிப்பதும் வருடத்துக்கு வருடம் பழசாகாத ஜோக்.

மழைக்காலத்தில் இன்னொரு சந்தோஷம் உண்டு. ஆனால் அதை டீச்சர்கள் வெளியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், செல்போனில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று தேடுவது. கலெக்டர் விடுமுறை அறிவித்திருந்தால் மறுபடி போர்வைக்குள். பிள்ளைகளைவிட டீச்சர்களுக்குத்தான் அன்று அதிக மகிழ்ச்சி. ஈடுகட்ட சனிக்கிழமை வர வேண்டும் என்பது பிறகு ஞாபகம் வரும்.

இந்தக் கரையில் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் குறைவு. மழை என்றால் படகு போகாது, ஓட்டு வீடு ஒழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது. பள்ளி திறக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்... ஒவ்வொரு பெயருக்கும் 'உள்ளேன் டீச்சர்' என்று பதில் வர வர நெஞ்சு இறங்கும். எமிஸில் அது வெறும் 100 சதவீதம்.

ஐந்து விஷயம்

இப்படிப்பட்டவற்றைக் கவனித்து எழுதி வைத்தால் பயன் உண்டா? ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை, பத்து வாரம். ஒரு குழு நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை ஐந்து வரை எழுத வேண்டும். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். மூன்றாவது குழு பொதுவாக நடந்தவற்றை எழுத வேண்டும். முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லவிதமாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள்.

கத்தோலிக்கப் பள்ளியில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம பரிசோதனை கிட்டத்தட்ட இதேதான். நாள் முடிவில் உட்கார்ந்து அன்றைய தினத்தைத் திரும்பிப் பார்ப்பது. அதன் முதல் படி, செய்த தவறுகளைத் தேடுவது அல்ல. நன்றி சொல்வது. தவறுகள் அப்புறம்தான். இஞ்ஞாசியாரின் புத்தகத்துக்குத் திருத்தந்தை ஒப்புதல் தந்தது 1548-ல். பள்ளிப் பருவத்தில் சாயங்காலச் செபத்தில் ஒப்பித்த விஷயத்தை ஆராய்ச்சிக் கட்டுரையில் மறுபடி படிப்பது வேடிக்கையான அனுபவம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணி நியமன ஒப்புதலுக்காக வருடக்கணக்கில் அலைகிறவரிடம், சொற்பச் சம்பளத்தில் மூன்று பேர் வேலையைப் பார்க்கிறவரிடம், 'தினமும் ஐந்து சந்தோஷம் எழுதுங்கள்' என்று நிர்வாகமோ அரசோ சொன்னால் அது அறிவுரை ஆகாது, கேலி. நோட்டில் எழுதுவதால் காலிப் பணியிடம் நிரம்பாது. சின்ன சந்தோஷங்கள் டீச்சர் தனக்காகத் தேடிக்கொள்பவை. அதைக் காரணம் காட்டி அவருக்குச் சேர வேண்டியதை யாரும் குறைக்கக் கூடாது.

வடக்கே பார்க்கும் நாள்

ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். வீட்டில் வருமானம் போகும். அதே நாளில்தான் பள்ளியில் கொண்டாட்டம்.

2023 ஜூலை 14, சந்திரயான்-3 கிளம்பியது வெள்ளிக்கிழமை மதியம் 2.35 மணிக்கு. சரியாகப் பள்ளி நேரம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்தவர். இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும்.

ராக்கெட்டுக்கும் மீனவக் குப்பத்து மாதா கோயில்களுக்கும் பழைய உறவும் உண்டு. கேரளாவின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-ல் பறந்தபோது, விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாக இருந்தது மீனவர்களின் புனித மேரி மக்தலேனா தேவாலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவும் ஊர் மக்களும் அதை விட்டுக்கொடுத்தார்கள்.

பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் நேர்கோட்டில் 35 கிலோமீட்டர் பக்கம். ஒளி உடனே வந்துவிடும். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நடக்கும். அப்படியென்றால் நெருப்பு கண்ணில் பட்ட நொடிக்கும் உறுமல் காதில் விழும் நொடிக்கும் நடுவே சுமார் 100 விநாடி. பௌதிகப் பாடத்தில் இரண்டு பக்கம் வரும் விஷயம். இங்கே அதற்கு மைதானமும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் போதும்.

நெருப்புப் புள்ளி தெரிந்ததும் கத்தல் அடங்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் டீச்சர் எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். முப்பது, நாற்பது. பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். கணக்கில் இரண்டு மார்க் எடுப்பவன்தான் எல்லோரையும்விட உரக்க எண்ணுவான். எண்பது, தொண்ணூறு. மேகமும் காற்றும் ஒத்துழைத்தால், நூறைத் தொடும்போது ஏரியின் மேலே மெல்ல ஒரு அதிர்வு நடந்து வரும்.

பிறகு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். கடைசி பீரியட் கணக்கு.